86 சதவீதம்: ஓர் ஆப்டிகல் டிசைன் மென்பொருளோடு ஒன்றரை வருடம்

ஒன்றரை வருடமாக ஒரே மென்பொருளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். லென்ஸ் வடிவமைப்புக்கென்று செய்யப்பட்டது. நான் அதை வைத்துச் செய்வதில் முக்கால்வாசி ஃபைபர் வேலை. லேசர் ஒளியை ஒற்றை மோட் ஃபைபருக்குள் (ஒளி ஒரே ஒரு வடிவத்தில், அதாவது ஒரே மோடில், மட்டும் செல்லும் மெல்லிய கண்ணாடி இழை) அனுப்புவது, ஃபைபரிலிருந்து வரும் ஒளியை இணைக்கற்றையாக்குவது, ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு 200 மைக்ரான் ஃபைபர் வழியாக ஒளி கொண்டுபோவது, இப்படி. பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் குறை சொல்லும் இடங்களில் கொஞ்சம் காட்டமாகவே சொல்லப்போகிறேன், அந்தக் குறைகளில் பாதிக்கு என் அவசரபுத்தியும் காரணம். இந்த வகை மென்பொருள் எதையாவது ஃபைபர் வேலைக்கு வாங்க நினைப்பவர்களுக்கு இது உதவலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். மென்பொருளைத் திறந்ததும் 'ஃபைபர்' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தி நீளம், விட்டம் கொடுத்தால் ஒளி ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வரும் என்று நான் நினைத்தேன். அப்படி ஒன்று கிடையாது. ஃபைபர் இதில் மூன்று இடங்களில், மூன்று வேறு வேஷங்களில் இருக்கிறது. வழக்கமான லென்ஸ் டிசைன் பகுதியில் ஃபைபரே இல்லை, அதன் வாய் மட்டும்தான்: கடைசிப் பரப்பில் ஒரு காஸியன் வடிவம் (நடுவில் உச்சம், ஓரத்துக்குப் போகப்போக மங்கும் மணி வடிவம்), வரும் ஒளி அதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு கணக்கு. அலைப் பரவல் பகுதியிலும் அதே வாய்தான், ஆனால் அங்கே கதிர்களுக்குப் பதிலாக புள்ளிகளாலான ஒரு கட்டத்தில் நிரப்பிய, ஒளியின் மின்புலம். மூன்றாவதாக, கதிர்கள் எந்த வரிசையிலும் எந்தப் பொருளிலும் மோதலாம் என்று விட்டுவிடும் பகுதி. அங்கேதான் நிஜமாகவே ஒரு கண்ணாடி உருளைக்குள் இன்னொரு உருளை வைத்து, ஒளி சுவரில் மோதி மோதிப் போவதைப் பார்க்கலாம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. ஒன்றில் கொடுத்த ஃபைபர் விவரத்தை இன்னொன்றில் திரும்ப நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும்.

இதில் மென்பொருளை மட்டும் குறை சொல்ல முடியாது, ஃபைபரே அப்படிப்பட்டதுதான். பள்ளிப் புத்தகத்தில் ஒளிக்கதிர் கண்ணாடி இழைக்குள் வளைந்து நெளிந்து மோதிக்கொண்டு போகும் படம் நமக்கெல்லாம் மனப்பாடம். 1 மிமீ பிளாஸ்டிக் இழைக்கு அந்தப் படம் அருமையாகப் பொருந்தும். கார்னிங்கின் எஸ்எம்எஃப்-28 போன்ற ஒற்றை மோட் ஃபைபரில் கோரின் (நடுவில் உள்ள உட்கண்ணாடி) விட்டம் 8.2 மைக்ரான், ஒளியின் அலைநீளமே 1.55 மைக்ரான். அங்கே மோதுவதற்குக் கதிர் ஏது? எத்தனை மோடுகள் செல்லும் என்பதைச் சொல்லும் வி எண்ணைப் போட்டுப் பார்த்தால் சுமார் 2.04 வரும், 2.405-க்குக் கீழே இருப்பதால் ஒரே ஒரு மோட். அந்த மோடின் விட்டம் 10.4 மைக்ரான், அதாவது கோரைவிடப் பெரியது. ஒளியின் ஒரு பகுதி எப்போதும் கோரைச் சுற்றியுள்ள கிளாடிங்கில்தான் பயணம் செய்கிறது. இதைக் கதிரை வைத்து எப்படி வரைவது? அதனால்தான் மென்பொருள் ஃபைபரின் உட்புறத்தையே விட்டுவிட்டு, 'வாயில் இந்த வடிவத்தில் ஒளி வந்தால் உள்ளே போகும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. சரியான முடிவு. ஆனால் இதைப் புதிதாக வருபவரிடம் சொல்ல வேண்டாமா? உதவிப் பக்கத்தில் ஏழெட்டுப் பத்தி தாண்டி ஒரு வரியில் இருக்கிறது.

இனி அந்த 86 சதவீதக் கதை. வாங்கி இரண்டாவது மாதம். 1550 நானோமீட்டர் லேசர், கற்றையின் விட்டம் 3.1 மிமீ. ஒரு லென்ஸ் வைத்து அதை ஃபைபருக்குள் குவிக்க வேண்டும். மென்பொருளின் ஃபைபர் கப்ளிங் பெட்டியில் (ஃபைபருக்குள் எவ்வளவு ஒளி போகும் என்று கணக்கிடும் இடம்) 'என்.ஏ.' என்று ஒரு கட்டம், ஒளி எவ்வளவு கோணத்துக்கு விரியும் என்பதன் அளவு அது. ஃபைபரின் டேட்டாஷீட்டில் என்.ஏ. 0.14 என்று இருக்கிறது. ஒன்று கேட்கிறது, இன்னொன்று சொல்கிறது, அப்படியே போட்டேன். 11 மிமீ குவியத்தொலைவு லென்ஸ் சரியாக இருக்கும் என்று வந்தது, கப்ளிங் திறன் 99 சதவீதத்துக்குமேல். லென்ஸ் வாங்கி, மேஜையில் பொருத்தி, நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் 85. ஒரு நல்ல நாளில் 86. இரண்டு முனைகளிலும் எதிரொளியைத் தடுக்கும் கோட்டிங் உள்ள ஃபைபர் அது, அதனால் வெறும் கண்ணாடி முகப்பில் போகும் 3.4 சதவீதத்தின்மேல் பழிபோடவும் வழியில்லை.

அலைன்மென்ட் பார்க்கும் நண்பர், 'சார், பக்கவாட்டில் 2 மைக்ரான் தள்ளி இருக்கும் போல' என்றார். கணக்குப் போட்டால் 2 மைக்ரான் விலகலுக்குக் கிடைப்பது 86 சதவீதம்! அச்சு அசலாக அதே எண். அதை நம்பி மூன்று நாள் அந்த மைக்ரோமீட்டர் திருகோடு போராடினோம். மூன்றாம் நாள் சாயங்காலம்தான் ஒன்று உறைத்தது: விலகல்தான் காரணம் என்றால் ஏதோ ஒரு பக்கம் நகர்த்தும்போது எண் ஏற வேண்டும். இங்கே இடம், வலம், மேல், கீழ், முன், பின் எங்கே நகர்த்தினாலும் இறங்குகிறது. அப்படியென்றால் நாங்கள் ஏற்கெனவே உச்சியில்தான் நிற்கிறோம், உச்சியே 86-தான்.

அப்புறம் ஃபைபரின் மறுமுனையிலிருந்து ஒளியைத் திருப்பி அனுப்பி, அதே லென்ஸ் வழியாக வெளியே வரும் கற்றையின் அகலத்தை அளந்தோம். மென்பொருள் கணக்குப்படி 3.1 மிமீ வந்திருக்க வேண்டும். வந்தது 2.1.

விஷயம் இதுதான். காஸியன் கற்றைக்கு விளிம்பு கிடையாது, எங்கோ ஓரிடத்தில் நாமாக ஒரு கோடு போட்டு 'இதுவரை' என்கிறோம். லேசர்காரர்கள் அந்தக் கோட்டை நடு உச்சியின் செறிவில் 13.5 சதவீதமாகக் குறையும் இடத்தில் போடுவார்கள். மென்பொருளும் அப்படித்தான். ஃபைபர் டேட்டாஷீட்டில் உள்ள 0.14, செறிவு 1 சதவீதமாகக் குறையும் கோணத்தில் அளந்தது. அதுவும் 1310 நானோமீட்டரில். 13.5 சதவீதக் கணக்குப்படி பார்த்தால் 1550-ல் அதே ஃபைபருக்கு 0.095. மோட் ஃபீல்டு விட்டம் 10.4-இல் பாதி 5.2, அலைநீளத்தைப் பையாலும் (π) 5.2-ஆலும் வகுத்தால் இந்த எண் கிடைத்துவிடும், அரை நிமிட வேலை. நான் 0.14 போட்டதால் மென்பொருள், ஆரம் 3.5 மைக்ரான் உள்ள ஏதோ ஒரு கற்பனை ஃபைபருக்கு லென்ஸ் தேடிக் கொடுத்தது. அந்தக் கற்பனை ஃபைபருக்கு அது நிஜமாகவே 99 சதவீதம்தான். 3.5-ஐ 5.2-இல் செருகினால் 86.

11 மிமீ லென்ஸை எடுத்துவிட்டு 16 மிமீ போட்டோம். முதல் நாளே 97.

இதற்கு மென்பொருளைக் குறை சொல்வதா, என்னையா? இரண்டு பேரையும். உதவிப் பக்கத்தில் வரையறை தெளிவாக இருக்கிறது, நான் படிக்கவில்லை. ஆனால் ஒரே பெயரில் இரண்டு அளவுகள் உலகத்தில் புழங்கும்போது அந்தக் கட்டத்தின் பக்கத்தில் 'எந்த மட்டத்தில்?' என்று ஒரு சின்னத் தேர்வு வைக்க எவ்வளவு நேரமாகும்? அல்லது என்.ஏ.-வே கேட்காமல் மோட் ஃபீல்டு விட்டத்தைக் கேட்டிருக்கலாம், அதில் குழப்பம் குறைவு, எல்லா டேட்டாஷீட்டிலும் அலைநீளத்தோடு சேர்த்தே இருக்கும். அலைப் பரவல் பகுதியில் ஆரத்தையே கேட்கிறார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. ஒரே மென்பொருள், ஒரே ஃபைபர், ஓர் அறையில் கோணத்தைக் கேட்கிறது, பக்கத்து அறையில் அகலத்தைக் கேட்கிறது.

டேட்டாஷீட்டைப் பற்றிப் பேசும்போதே இன்னொரு பள்ளத்தையும் காட்டிவிடுகிறேன். அதே ஃபைபருக்கு ஒளிவிலகல் எண் 1.4682 என்று பார்த்துவிட்டு அதைக் கண்ணாடியின் எண்ணாகப் போட்டுவிடாதீர்கள். அது ஒளித்துடிப்பின் வேகத்தைச் சொல்லும் குழு எண். முகப்பில் ஒளி எவ்வளவு வளையும் என்பதற்கு வேண்டியது 1.45-ஐ ஒட்டிய எண். தூய சிலிக்காவுக்கு 1550-ல் 1.444, கோர் அதைவிடத் துளி அதிகம். மென்பொருளின் கண்ணாடிப் பட்டியலில் சிலிக்கா சரியாக இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு கோருக்கு 0.36 சதவீதம் ஏற்றிக்கொள்வதே என் வழக்கம்.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். சரியான எண்ணைக் கொடுத்த பிறகு இந்தக் கப்ளிங் கணக்கு அபாரம். முடிவை ஒரே எண்ணாகக் கொடுக்காமல் இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது: ஒளியில் எவ்வளவு பங்கு லென்ஸ்களைத் தாண்டி வந்து சேர்ந்தது என்பது ஒன்று, வந்து சேர்ந்ததில் எவ்வளவு பங்கு மோடின் வடிவத்தோடு ஒத்துப்போனது என்பது இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது கப்ளிங். இதன் அருமை பிரச்சினை வரும்போதுதான் தெரியும். முதல் எண் குறைந்தால் லென்ஸ் சின்னது, அல்லது கோட்டிங் சரியில்லை. இரண்டாவது குறைந்தால் குவியமோ, பிறழ்ச்சியோ, அளவுப் பொருத்தமோ சரியில்லை. ஒரு முறை பந்து லென்ஸ் வைத்துச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். போட்டுப் பார்த்தால் முதல் எண் 99, இரண்டாவது பாதாளத்தில். கோளப் பிறழ்ச்சி என்று ஐந்து நிமிடத்தில் காட்டி முடித்தேன்.

பொருத்தும்போது வரும் பிழைகளின் கணக்கும் அப்படித்தான். பக்கவாட்டில் 1 மைக்ரான் விலகினால் 96 சதவீதம், 2-க்கு 86, 3-க்கு 72 என்று சரிகிறது. ஆனால் முன்னும் பின்னும் 20 மைக்ரான் விலகினாலும் 97 சதவீதம் நிற்கிறது. அதாவது எந்தத் திருகுக்குக் காசு செலவழிக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. இந்த எண்களைச் சூத்திரத்திலிருந்தும் எடுக்கலாம்தான், மார்க்கூஸே என்ற ஆய்வாளர் 1977-லேயே ஒற்றை மோட் ஃபைபர் இணைப்புகளுக்கு இதையெல்லாம் எழுதிவைத்துவிட்டார். ஆனால் நான்கு லென்ஸும் ஒரு சாய்ந்த கண்ணாடித் தகடும் சேர்ந்து, ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஆடும்போது சூத்திரம் கைகொடுக்காது. அங்கே ஆயிரம் தடவை குலுக்கிப்போட்டுப் பார்க்கும் மான்டி கார்லோ வேண்டும், அதை இது அலுக்காமல் செய்கிறது.

8 டிகிரி சாய்வாகத் தேய்த்த முனைக்கும் இதில் வழி இருக்கிறது, ஆனால் கையால் செய்ய வேண்டும். அந்த முனையிலிருந்து ஒளி நேராக வராது, 3.6 டிகிரி வளைந்து வரும். ஃபைபர் வாயின் சாய்வை அதற்கேற்பக் கொடுக்கவில்லை என்றால் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் காணாமல் போய்விடும். எதிரொளி லேசருக்குத் திரும்பாமல் இருக்கத்தான் அந்தச் சாய்வு, பலரும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இதற்கு ஒரு தயார் வார்ப்பு வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

அலைப் பரவல் பகுதி. இதைப் பற்றி என் அபிப்பிராயம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. லென்ஸின் விளிம்பு கற்றையை வெட்டும்போது, நடுவில் ஒரு சின்னத் துளை இருக்கும்போது, கதிர்க் கணக்கு பொய் சொல்லும். விளிம்பு விளைவு அதற்குத் தெரியாது. அங்கே இந்தப் பகுதி இல்லாமல் முடியாது. ஆனால் இதற்கு ஒரு கட்டம் வேண்டும், கட்டத்துக்கு அகலமும் புள்ளி எண்ணிக்கையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஃபைபர் வாயில் கற்றையின் ஆரம் 5.2 மைக்ரான், 11 மிமீ தாண்டி லென்ஸில் 1 மிமீக்குமேல். 200 மடங்கு விரிவு. ஒரே கட்டத்தில் இரண்டையும் பிடிக்க முடியாது என்பதால் மென்பொருள் வழியிலேயே கட்டத்தின் அளவை மாற்றிக்கொள்கிறது. பெரும்பாலும் சரியாக மாற்றுகிறது. தவறும்போது கட்டத்தின் ஓரத்தை எட்டிய ஒளி எதிர்ப்பக்கத்திலிருந்து உள்ளே நுழைந்து, அழகான குறுக்கீட்டு வரிகளை உண்டாக்கும். முதல் முறை பார்த்தபோது ஏதோ புதிய இயற்பியல் என்று நினைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன், வெட்கம். இப்போது என் பழக்கம்: முதலில் எந்த லென்ஸும் இல்லாமல் ஃபைபர் வாயிலிருந்து வெற்றிடத்தில் ஓட்டிப் பார்ப்பேன், விரிவு 0.095 வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். புள்ளிகளை இரட்டிப்பாக்கினால் விடை மாறக் கூடாது. மாறினால் முந்தைய விடையும் இப்போதைய விடையும் இரண்டுமே சந்தேகம்தான். எச்சரிக்கை கொடுக்கிறதா என்றால், கொடுக்கிறது. ஒரு தனிச் சாளரத்தின் உரைத் தாவலின் அடியில், கருப்பு எழுத்தில்.

மூன்றாவது அறைக்கு வருவோம். நான் அதிகம் ரசித்ததும் அதிகம் ஏமாந்ததும் இங்கேதான். 200 மைக்ரான், 0.22 என்.ஏ. ஃபைபரில் பச்சை ஒளிக்கு முப்பதாயிரத்தைத் தாண்டும் மோடுகள், அதனால் கதிர் என்ற கற்பனை இங்கே தாராளமாகச் செல்லும். மென்பொருளில் இரண்டு உருளை வைத்து, ஓர் இணைக்கற்றையை 8 டிகிரி சாய்வில் உள்ளே விட்டால், மறுமுனையில் ஒளி ஒரு வட்ட வளையமாக வெளிவரும். கோணம் அதே 8 டிகிரி, ஆனால் திசை சுற்றிலும் கலந்துவிட்டது. மேஜையில் லேசர் பாயிண்டரை வைத்து ஃபைபரைக் கையால் சாய்த்தாலும் சுவரில் இதே வளையம் விரியும். ஃபைபர் கோணத்தைக் காப்பாற்றும், திசையைக் காப்பாற்றாது என்பதைப் புதியவர்களுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல செயல்விளக்கம் எனக்குத் தெரியாது. இதற்காகவே ஒரு நட்சத்திரம் கூடக் கொடுப்பேன்.

ஆனால் அதே உருளையை வேறு வரைகலை மென்பொருளிலிருந்து எஸ்டிஎல் கோப்பாகக் கொண்டுவந்து பாருங்கள். வளையம் காணாமல் போய், அது இருந்த இடத்தில் மணி கோத்தது மாதிரி புள்ளிகள். எஸ்டிஎல் வட்டத்தை வட்டமாக வைத்திருக்காது, பட்டைச் சுவராக்கிவிடும், என் கோப்பில் 32 பட்டை. தட்டையான 32 கண்ணாடிகளுக்கு நடுவில் எத்தனை முறை மோதினாலும் 32 திசைகளுக்குமேல் கிடைக்காது, கணிதம் அப்படி. மென்பொருளின் சொந்த உருளையையோ, வளைவை வளைவாகவே வைத்திருக்கும் ஸ்டெப் கோப்பையோ பயன்படுத்தினால் பிரச்சினை இல்லை. பெட்டி, தாங்கி எதற்கும் எஸ்டிஎல் ஓகே, ஃபைபர் சுவருக்கு மட்டும் கூடவே கூடாது.

அடுத்தது நீளம். 1 மீட்டர் ஃபைபரை 1 மீட்டராகவே வைத்தேன், அதுதானே நியாயம்? வெளியே வந்த ஒளியைப் பார்த்தால் 0.22 ஃபைபர் 0.145 ஃபைபர் மாதிரி நடந்துகொள்கிறது, சக்தியிலும் பாதிக்குமேல் இல்லை. கண்ணாடி உறிஞ்சுகிறதா, சுவர் சரியில்லையா என்று எல்லாவற்றையும் நோண்டிவிட்டுக் கடைசியில் அமைப்புகளுக்குள் போனால், ஒரு கதிர் அதிகபட்சம் 500 துண்டுகள்தான் போகலாம் என்று ஒரு வரம்பு. ஓரக் கோணத்தில் போகும் கதிர் 1 மீட்டரில் 760 தடவை மோதும். 500-ஐத் தொட்டதும் மென்பொருள் அந்தக் கதிரைக் கொன்றுவிடுகிறது. கதிரின் அச்சுக்கோணம் கூடக் கூட மோதல் கூடும், அதனால் வெளியே வருவது சாதுவான கதிர்கள் மட்டும், என்.ஏ. சுருங்கியது போலத் தெரிகிறது. இதில் எரிச்சல் என்னவென்றால், வந்த விடை பார்க்க நியாயமாக இருக்கிறது. மழமழவென்ற வட்டம், ஓரத்தில் கூர்மையான வெட்டு. ஓட்டம் முடிந்ததும் 'இழந்த சக்தி' என்று ஒரு வரி வருகிறது, நிஜம்தான். ஆனால் சுவரில் இயல்பாகத் தப்பிய ஒளியும், வரம்பு தாண்டியதால் கொல்லப்பட்ட கதிரும் அங்கே தனித்தனியாகப் பிரித்துக் காட்டப்படுவதில்லை. ஒன்று இயற்பியல், இன்னொன்று கணக்குப்பிள்ளையின் சோம்பேறித்தனம், இரண்டையும் ஒரே பையில் போட்டால் எப்படி?

இப்போதெல்லாம் 1 மீட்டர் வைப்பதே இல்லை. 5 செமீ போதும், ஓரக் கதிர் அதற்குள் 38 தடவை மோதிவிடும், திசை கலப்பதற்கு அது தாராளம். மீதி 95 செமீயின் உறிஞ்சலை ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்ளலாம். வேகமும் கூடுகிறது.

நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒளிவிலகல் எண் படிப்படியாகக் குறையும் 50 மைக்ரான் ஃபைபரில் இன்னொரு பொறி. அங்கே கதிர் மோதாது, அலை அலையாக வளைந்து போகும், ஒரு முழு அலைக்கு 1.16 மிமீ. மென்பொருள் அந்த வளைவைச் சிறு சிறு அடிகளாக எடுத்து வைத்துக் கடக்கிறது, அடியின் நீளம் முன்னிருப்பாக 1 மிமீ. ஓர் அலைக்கு ஓரடி! கேட்கவே வேண்டாம். 10 மைக்ரானாக்கியதும் படம் ஒழுங்காயிற்று. தவிர 850 நானோமீட்டரில் அந்த ஃபைபருக்கு மோடுகளே 340 பக்கம்தான், அதனால் கதிர்க் கணக்கை அதில் ஓரளவுக்குமேல் நம்ப மாட்டேன். லேசரை உள்ளே விட்டால் நிஜத்தில் வெளியே வருவது பொரிபொரியாக ஒளிப்புள்ளிகள், ஃபைபரைத் தொட்டாலே இடம் மாறும். மென்பொருளில் வெண்ணெய் தடவியது போல ஒரே சீரான வட்டம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், இதில் மென்பொருள் குற்றமற்றது. 1 மிமீக்கு 1 மிமீ எல்இடி ஒன்றிலிருந்து அந்த 200 மைக்ரான் ஃபைபருக்கு ஒளி எடுக்க வேண்டும் என்று ஒருவர், சிறந்த அமைப்பைத் தானே தேடும் ஆப்டிமைசரை ராத்திரி முழுக்க ஓட விட்டிருந்தார். மூன்று லென்ஸ், பதினொரு மாறிகள். காலையில் வந்து பார்த்தால் 0.14 சதவீதம். மென்பொருள் சரியில்லை, வேறு வாங்கலாம் என்கிறார். ஒரு தாளை எடுத்து ஃபைபரின் பரப்பையும் அது ஏற்கும் கோணத்தையும் பெருக்கினேன், எல்இடியின் பரப்பையும் அது இறைக்கும் கோணத்தையும் பெருக்கினேன், ஒன்றை இன்னொன்றால் வகுத்தேன்: 0.15 சதவீதம். எந்த லென்ஸாலும் அதற்குமேல் முடியாது, ஒளியின் பிரகாசத்தை லென்ஸால் கூட்ட முடியாது. மென்பொருள் ராத்திரி முழுக்க உழைத்து உச்சத்தின் பக்கத்திலேயே போய் நின்றிருக்கிறது பாவம். ஆனாலும் ஆப்டிமைசரைத் தொடங்கும் முன் இந்த ஒரு வகுத்தலை அதுவே செய்து காட்டியிருந்தால் ஒரு ராத்திரி மின்சாரம் மிச்சம்.

செய்யாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஃபைபரை வளைத்தால் ஒற்றை மோடில் எவ்வளவு கசியும், இதில் தெரியாது. இரண்டு ஃபைபர்களை உருக்கி ஒட்டிய கப்ளர், கூம்பாக இழுத்த முனை, ஒரு மோடிலிருந்து இன்னொரு மோடுக்குத் தாவும் ஒளி, துடிப்பு அகலமாவது, எதுவும் கிடையாது. ஃபைபரின் உள்ளே நடப்பதற்கு மோட் தீர்வியோ கற்றைப் பரவல் முறை மென்பொருளோ தனியாக வேண்டும். அங்கே கிடைக்கும் புலத்தைக் கோப்பாக எடுத்து இங்கே கொண்டுவரலாம், கொண்டுவந்தும் இருக்கிறேன். அது மைக்ரானில் எழுதும், இது மில்லிமீட்டரில் படிக்கும், அது வரிசைகளை மேலிருந்து எழுதும், இது கீழிருந்து படிக்கும். சமச்சீரான மோட் என்றால் தலைகீழாக இருப்பதே தெரியாது. சாய்ந்த முனைக்குக் கொண்டுவந்த அன்றுதான் தெரிந்தது.

சரி, யாருக்கு இது? லென்ஸ்கள் வைத்து ஃபைபருக்குள் ஒளி அனுப்புபவர்களுக்கும் ஃபைபரிலிருந்து எடுப்பவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன். தடித்த ஃபைபரும் ஒளிக்குழாயும் வைத்து வெளிச்சம் கொண்டுபோபவர்களுக்கும், அந்த 500 வரம்பை முதல் நாளே ஏற்றிவிடுகிறீர்கள் என்றால், சொல்வேன். ஃபைபரையே வடிவமைப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். ஸ்கிரிப்ட் எழுதும் வசதி நன்று, உதவிப் பக்கங்கள் நீளம் என்றாலும் நேர்மையானவை, வேகத்தில் குறையில்லை.

என்.ஏ. கட்டத்தைப் பற்றி ஆதரவுக் குழுவுக்கு எழுதினேன். மரியாதையாக, அன்றே பதில் வந்தது: உதவிப் பக்கத்தில் வரையறை உள்ளது என்று, இணைப்போடு. அதற்கப்புறம் இரண்டு புதுப்பிப்பு வந்துவிட்டது, கட்டத்தின் பெயர் இன்னும் வெறும் 'என்.ஏ.'தான். அதனால் திரையின் ஓரத்தில் '13.5ஆ, 1ஆ?' என்று எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'சார், பாஸ்வேர்டை இப்படி வெளியில் எழுதி ஒட்டலாமா?' என்று கேட்டார்.